பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டு விலையைச் சொல்லுங்கள்

இந்தியாவில் வீடியோ கேம் விரிவாக்கங்களை வெளியிடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றை விற்கும் இணையக் கடைகளின் நிர்வாகத்தினருக்கும்,

நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டுக்கு உங்களில் ஒரு நிறுவனம் அண்மையில் புதிய விரிவாக்கம் ஒன்றை, அதாவது ஏற்கெனவே விற்ற விளையாட்டோடு சேர்த்து ஆடத் தனியே விற்கும் கூடுதல் பகுதி ஒன்றை, அறிவித்தது. அதன் இந்திய விலை, டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி வந்த தொகை. அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப்படவில்லை. மூல விளையாட்டையே இன்று அதே கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். இவ்வளவு பணத்துக்கு என்ன தருகிறார்கள் என்று தேடினால், இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு முன்னோட்டக் காட்சியும், புதிய பகுதி, புதிய எதிரிகள், புதிய ஆயுதங்கள் என்ற ஒற்றை வரியும், முன்பதிவு செய்பவர்களுக்கு ஓர் உடை இலவசம் என்ற அறிவிப்பும்தான் கண்ணில் படுகின்றன. அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயரை மறைத்துவிட்டு அதே அறிவிப்பை உங்களில் வேறு எவருடைய கடைப்பக்கத்தில் ஒட்டினாலும் யாருக்கும் வேறுபாடு தெரியாது என்பதால், இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். பாரிமுனையில் ஒரு க்ளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் தாள்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் இல்லாமல் அங்கே ஒரு பெட்டியும் நகராது. உள்ளே எத்தனை உருப்படிகள், என்ன எடை, என்ன மதிப்பு, எந்த நாட்டில் செய்தவை என்பதெல்லாம் எழுத்தில் இருந்தாக வேண்டும். பகலெல்லாம் இந்தத் தாள்களோடு மாரடித்துவிட்டு இரவில் உங்கள் கடைப்பக்கத்தைத் திறக்கும் ஒருவனிடம், பேக்கிங் லிஸ்ட்டே இல்லாத பெட்டி ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டால் அவனுக்கு எழக்கூடிய கேள்விகளைத்தான் நான் கேட்கப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாக்கங்களை இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. டிஎல்சி (இணையத்தில் இறக்கிக்கொள்ளும் இத்தகைய கூடுதல் பகுதிகளுக்கான பெயர்) என்றாலே கொள்ளை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுகிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்கு மறு ஆண்டே தி கான்கரர்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது. ஐந்து புதிய நாகரிகங்களும் புதிய போர்த் தொடர்களும் அடங்கிய அந்தக் குறுந்தகடு இல்லாமல் வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் இருந்த பிரவுசிங் சென்டர்களில் எங்கள் தலைமுறையின் மாலைகள் கழிந்திருக்காது. அதே விளையாட்டின் புதுப்பித்த பதிப்புக்கு 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்தபோது, வங்காளிகள், கூர்ஜரர்கள் ஆகியோரோடு திராவிடர்களும் தனி நாகரிகமாக நுழைந்தார்கள். சுருள்வாள் ஏந்திய வீரர்கள், திரிசடை என்ற பெயருடைய போர்க்கப்பல், ராஜேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட ஒரு போர்த் தொடர் என எல்லாமும் சேர்ந்து அதன் விலை 10 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. என்னென்ன நாகரிகங்கள், எத்தனை போர்த் தொடர்கள் என்பது வாங்கும் முன்பே தெரிந்திருந்தது. எங்கள் குழுவில் அதை வாங்காதவர் இல்லை. விலையைப் பற்றி ஒருவரும் முணுமுணுத்ததும் இல்லை.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டுகளும் உண்டு. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட், தி விட்சர் மூன்றாம் பாகத்துக்கு 2016 மே மாதத்தில் வெளியிட்ட பிளட் அண்ட் வைன் ஏறத்தாழ 20 டாலர். அதற்குள் ஒரு முழு நாட்டின் நிலப்பரப்பும், தனிக் கதையும், இருபது மணி நேரத்துக்கு மேல் ஆடக்கூடிய அளவும் இருந்தன. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ரோல்பிளேயிங் விளையாட்டுக்கான விருதை முழு விளையாட்டுகளோடு போட்டியிட்டு வென்றது இந்த விரிவாக்கம்தான். அதற்கு முன்பே, சிறு சேர்க்கைகளான பதினாறு டிஎல்சிகளை அந்த நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்திருந்தது. பெரியதற்கு விலை, சிறியதற்கு விலை இல்லை என்ற அந்தக் கணக்கு எங்களுக்கு நியாயமாகப் பட்டது. 2024 ஜூன் மாதத்தில் எல்டன் ரிங் விளையாட்டுக்கு ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 40 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் 3,300 ரூபாய்க்கு மேல். அது பெரிய தொகைதான். ஆனால் மூல விளையாட்டில் எந்தெந்தப் பகைவரை வென்ற பிறகே உள்ளே நுழைய முடியும் என்பதை வெளியீட்டுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். காசைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று தவிக்கும் நிலை அதனால் பலருக்கு வராமல் போயிற்று. நல்ல விரிவாக்கத்துக்கு இலக்கணம் உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உங்கள் தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் விளையாட்டில் குதிரைக்கு மாட்டும் கவசம் இரண்டரை டாலருக்கு விற்கப்பட்டது. அந்தக் கவசம் இன்றுவரை கேலிப்பொருளாக இருக்கிறது. அதே விளையாட்டுக்கு மறு ஆண்டு வந்த ஷிவரிங் ஐல்ஸ் 30 டாலர். அதைக் கேலி செய்தவர் எவரையும் எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் ஒரு புதிய உலகமே இருந்தது. வாங்குபவன் தொகையின் பெரிது சிறிதைப் பார்த்து மட்டும் கோபப்படுவதில்லை என்பதை உணர இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

2012-இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் விளையாட்டில், பிறகு தனியாக விற்கவிருந்த பன்னிரண்டு வீரர்களின் தரவுகள் ஏற்கெனவே டிஸ்க்குக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த வட்டுக்குள் இருப்பதைத் திறக்க மறுபடியும் காசு கேட்டார்கள். டவுன்லோடு அளவைக் குறைக்கவும், எல்லோருடைய பிரதிகளும் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கவுமே அப்படிச் செய்ததாக அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. அதே ஆண்டு, அதே நிறுவனம் வெளியிட்ட அசுராஸ் ராத் விளையாட்டின் உண்மையான முடிவு தனி டிஎல்சியாக விற்கப்பட்டது. கதையைச் சொல்லி முடிக்கக் கூடுதல் கட்டணம் கேட்கும் ஒரு கூத்துக்காரரை எங்கள் ஊர்த் திருவிழாவில் யாரும் இரண்டாம் முறை அழைக்க மாட்டார்கள். முடிந்த விளையாட்டுக்கு மேல் புதிதாக உழைத்துச் சேர்த்தது எது, முழுமையாக இருந்ததிலிருந்து வெட்டி எடுத்துத் தனியே விற்றது எது என்ற வேறுபாடுதான் எங்களுக்கு விலையின் அடிப்படை. அந்த வேறுபாட்டை நாங்கள் அறிய முடியாதபடி கடைப்பக்கத்தை எழுதுவதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் விலை நிர்ணயக் கூட்டங்களில் இந்தக் கணக்கு பேசப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். ஒருவர் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளர். இன்னொரு தம்பி கொருக்குப்பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போகிறான். தனியாக ஆடும் விளையாட்டுகளை நாங்கள் பெரும்பாலும் டிஸ்க்காகவே வாங்குகிறோம். காரணம் எளிது: டிஸ்க்கை விற்கலாம். எடுத்துக்காட்டாக, 4,000 ரூபாய்க்கு வாங்கிய புது டிஸ்க்கை ஆடி முடித்த கையோடு 2,500 ரூபாய்க்கு விற்றுவிட்டால் அந்த விளையாட்டின் உண்மையான செலவு 1,500 ரூபாய்தான். அதை வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவார். ராயபுரத்தில் வாங்கிய டிஸ்க் வியாசர்பாடிக்குப் போய், அங்கிருந்து எண்ணூருக்குப் போவது இங்கே வாடிக்கை. டிஎல்சிக்கு இந்த வழி கிடையாது. அது வாங்கியவரின் கணக்கோடு கட்டிவிடப்படுகிறது. விற்க முடியாது, கைமாற்றாகக் கொடுக்க முடியாது, தம்பிக்கு விட்டுச்செல்லவும் முடியாது. ஆகவே விலைப்பட்டியலில் 3,300 ரூபாய் என்று அந்த 4,000 ரூபாய் டிஸ்க்கைவிடச் சிறியதாகத் தெரியும் விரிவாக்கம், எங்கள் கைக்கணக்கில் அந்த டிஸ்க்கின் உண்மையான செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது. டாலரில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. துணிக்கடைச் சம்பளத்தில் பார்ப்பவருக்கு முதலில் தெரிவதே இதுதான்.

டிஸ்க்கைப் பற்றிப் பேசும்போது இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இது எங்கள் பகுதிக்கே உரிய தலைவலி. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் உறவினர் இல்லாத தெரு எங்கள் பக்கம் அரிது. விடுமுறைக்கு வருபவர்கள் சாக்லேட்டோடும் தைலத்தோடும் ஒரு கேம் டிஸ்க்கும் கொண்டுவருவார்கள். கன்சோல் என்ற விளையாட்டுக் கருவி அந்த டிஸ்க்கை எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டும். ஆனால் அதற்கான டிஎல்சியை இந்தியக் கணக்கில் வாங்கினால், டிஸ்க் ஒரு வட்டாரத்துக்கும் டிஎல்சி வேறு வட்டாரத்துக்கும் உரியவையாக இருக்கும்பட்சத்தில் இரண்டும் ஒட்டாது. கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு நடந்தது இதுதான். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த டிஸ்க். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் இந்தியக் கடையில் வாங்கிய விரிவாக்கம். டவுன்லோடு முழுதாக இறங்கியது, பணம் போனதற்கான ரசீதும் மின்னஞ்சலில் வந்தது, விளையாட்டுக்குள் மட்டும் அந்த விரிவாக்கம் தலைகாட்டவே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், டவுன்லோடு தொடங்கிவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று ஒரு முன்தயாரிப்புப் பதில் வந்தது. வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இல்லை. அவனுடைய கணக்கில் எந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து அவனுக்கு விளம்பரம் காட்டத் தெரிந்த கடைக்கு, அந்த டிஸ்க்கோடு இந்த டிஎல்சி பொருந்தாது என்று பணம் வாங்கும் முன் ஒரு வரி காட்டத் தெரியவில்லை என்றால், அதைத் தொழில்நுட்பக் குறை என்று ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை.

நால்வர் ஆடும் விளையாட்டில் பாதிப்பு வேறு விதமானது. மூவர் விரிவாக்கத்தை வாங்கி ஒருவர் வாங்காவிட்டால், புதிய பகுதிக்குள் அந்த ஒருவருக்கு இடம் இல்லை. அவரை விட்டுவிட்டு ஆடினால் நட்பு கசக்கும். அவருக்காகப் பழைய பகுதியிலேயே ஆடினால் மூவர் கொடுத்த காசு வீண். எனவே ஒரு விரிவாக்கத்தின் விலை எங்களைப் பொறுத்தவரை அந்தத் தொகையின் நான்கு மடங்கு. அதிலும் எங்களில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரால் தாங்க முடிகிற தொகையே எங்கள் எல்லோருக்குமான உச்சவரம்பு. போட்டி விளையாட்டுகளில் இந்தப் பிளவு உங்களுக்கே இழப்பை உண்டாக்கியதால்தான், காசுக்கு விற்ற வரைபடத் தொகுப்புகள், அதாவது புதிய ஆடுகளங்கள், படிப்படியாகக் கைவிடப்பட்டன. 2016-இல் டைட்டன்ஃபால் இரண்டாம் பாகம் தன் புதிய வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. 2019-இல் கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேரும் அந்த வழிக்கு வந்தது. அந்த வருமானத்தை ஈடுகட்ட நீங்கள் எதையெதையெல்லாம் கடைக்குள் கொண்டுவந்தீர்கள் என்பது வேறு கதை. அதற்குத் தனி மடல் வேண்டும். சேர்ந்து ஆடும் விளையாட்டிலும் பிளவில்லாமல் விற்க வழி இருக்கிறது: விருந்து வைப்பவர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களை அழைப்பவர், வாங்கியிருந்தால் விருந்தினரும் உள்ளே வரலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தால் போதும்.

வாங்கியது எத்தனை காலம் நிலைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். பஞ்ஜி நிறுவனத்தின் டெஸ்டினி இரண்டாம் பாகத்துக்கு 2018 செப்டம்பரில் ஃபர்சேகன் என்ற விரிவாக்கம் 40 டாலருக்கு விற்கப்பட்டது. 2020 நவம்பரில் அந்த விளையாட்டின் மூலக் கதையும் அதன் முதல் இரண்டு விரிவாக்கங்களும் விளையாட்டிலிருந்தே அகற்றப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃபர்சேகன் கதைத் தொடரும் போனது. விளையாட்டின் கொள்ளளவு பெருத்துவிட்டது, பராமரிக்க முடியவில்லை என்றார்கள். இனி விரிவாக்கங்களை அகற்றப் போவதில்லை என்று அந்த நிறுவனம் பிறகு அறிவித்தது நல்லதுதான்; ஆனால் போனது போனதுதான். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ 2014-இல் வந்த கார்ப் பந்தய விளையாட்டு. 2024 மார்ச் 31-ஆம் தேதி அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, தனியாக ஆடுபவர்களுக்கும் அது திறக்காமல் போயிற்று; அதற்காகக் காசு கொடுத்து வாங்கிய வைல்டு ரன், காலிங் ஆல் யூனிட்ஸ் என்ற விரிவாக்கங்களும் அதோடு மடிந்தன. அதைத் தொடர்ந்து எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன என்றால், இந்த வருத்தம் தண்டையார்பேட்டையோடு நிற்பதில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். மூன்று ஆண்டில் மறையக்கூடிய ஒன்றுக்கும், கணினி இருக்கும்வரை ஆடக்கூடிய ஒன்றுக்கும் ஒரே 40 டாலர் என்று நீங்கள் விலை சொல்வது எந்தக் கணக்கில் சரி?

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய் ஆகிறது பாருங்கள் என்பது முதல் பதில். இந்த அளவுகோலை நான் மறுக்கிறேன். எங்களில் பலரும் இதையே பிடித்துக்கொண்டு வாதாடுவது இன்னும் வருத்தமானது. மணிக்கணக்கை வைத்து விலை கேட்கலாம் என்றானதும், ஒரே பகைவரை நூறு முறை கொல்ல வைத்தும், வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மூட்டை சுமக்க வைத்தும் மணி நேரத்தைப் பெருக்குகிறீர்கள். ஐந்தே மணி நேரத்தில் முடிந்துபோகும் செறிவான கதைக்கு நான் மனமுவந்து காசு கொடுப்பேன். மணலியில் ஷிஃப்ட் முடித்து வந்து ஒரு மணி நேரம் ஆட உட்காரும் என் நண்பருக்கு, நீட்டி முழக்கிய நாற்பது மணி நேரம் பரிசு அன்று, தண்டனை.

பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள் என்பது இரண்டாவது பதில். வாங்குவதற்கு முன் என்ன என்று தெரிந்தால்தானே பிடித்ததா இல்லையா என்று முடிவெடுக்க முடியும். தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள் என்பது மூன்றாவது. காத்திருக்கிறோம், பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் இந்தப் பதில் முதல் நாள் வாங்குபவரை ஏமாளி என்று நீங்களே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடுகிறதே. அதுவுமன்றி, சேர்ந்து ஆடும் விளையாட்டில் எல்லோரும் ஆடி முடித்துப் போன பிறகு வரும் தள்ளுபடியால் பயன் குறைவு.

நான்காவதாக, இந்தியாவில் திருட்டுப் பிரதிகள் அதிகம், அதனால்தான் விலையைக் குறைக்க முடியவில்லை என்று சொல்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ராஜாஜி சாலையில் பர்மா பஜார் இருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். ஒரு காலத்தில் அந்த வரிசைக் கடைகளில் எந்த விளையாட்டின் குறுந்தகடு என்ன விலைக்குக் கிடைத்தது என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கடைகளை நோக்கிப் போன கூட்டத்தைக் குறைத்ததில் காவல்துறைச் சோதனைகளைவிட ரூபாய் விலைக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலை காட்டத் தொடங்கியது. பிறகு யுபிஐ வழியாகப் பணம் செலுத்தவும் வழி வந்தது. கிரெடிட் கார்டே இல்லாத எங்கள் பகுதி இளைஞர்கள், தங்கள் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு விளையாட்டை முறைப்படி காசு கொடுத்து வாங்கியது அதன் பிறகுதான். ஊர் வருமானத்துக்கு ஏற்ற வட்டார விலையை மூல விளையாட்டுக்குக் கொடுத்துப் பத்து ஆண்டுகளாக நீங்கள் வளர்த்தெடுத்த நல்ல பழக்கத்தை, விரிவாக்கத்துக்கு மட்டும் டாலர் விலை என்று சொல்லி நீங்களே கலைக்கிறீர்கள். ஒரே விளையாட்டின் முதல் பாதிக்கு நான் இந்தியன், இரண்டாம் பாதிக்கு அமெரிக்கன் என்பது என்ன நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகவே வரையறுக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், இணையக் கடைகளில் வாங்குபவரை ஏய்க்கும் பதின்மூன்று உத்திகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பதும், விலையைத் துண்டு துண்டாக வெளியிட்டு முழுத்தொகையைக் கடைசியில் காட்டுவதும் அவற்றுள் அடங்கும். முன்பதிவு உடைக்கு ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும், வழக்கமான பதிப்பு, டீலக்ஸ் பதிப்பு, அல்டிமேட் பதிப்பு என்று உடைத்துப் போடப்பட்ட விலைகளையும் அந்த நெறிமுறைகளுக்குப் பக்கத்தில் வைத்து உங்கள் வழக்கறிஞர்களிடமே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலும் காற்று மாறித்தான் வீசுகிறது. டிஜிட்டல் பொருளை வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற கலிபோர்னியா சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சீசன் பாஸ், அதாவது இனி வரவிருக்கும் டிஎல்சிகளுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் வாங்கும் சீட்டு, விற்பவர் அதில் என்னென்ன வரும், ஏறத்தாழ எப்போது வரும் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று ஸ்டீம் 2024 இறுதியில் விதி வகுத்தது. ஒரு கடையால் முடிந்தது மற்றக் கடைகளால் முடியாதா?

ஆகவே, கீழ்க்கண்டவற்றை உங்களிடம் கேட்கிறேன்.

விரிவாக்கத்தின் கடைப்பக்கத்தில், விலைக்கு நேர் கீழே, அதன் உள்ளடக்கத்தை எழுத்தில் கொடுங்கள்: எத்தனை கதைப் பகுதிகள், எத்தனை புதிய இடங்கள், எவை புதிதாகச் செய்தவை, எவை பழையவற்றின் நிறம் மாற்றிய வடிவங்கள், உள்ளே நுழைய மூல விளையாட்டில் எதுவரை ஆடியிருக்க வேண்டும். கதையின் திருப்பங்களைச் சொல்லச் சொல்லவில்லை, அளவைச் சொல்லுங்கள். இந்தப் பட்டியல் வெளியாகும்வரை முன்பதிவுக்குப் பணம் வாங்காதீர்கள். மூல விளையாட்டு வெளியான நாளிலேயே ஒரு டிஎல்சி விற்பனைக்கு வந்தால், அது ஏன் மூல விளையாட்டில் சேர்க்கப்படவில்லை என்பதை அங்கேயே விளக்குங்கள்.

மூல விளையாட்டுக்கு இந்தியாவில் எந்த விகிதத்தில் விலையைக் குறைத்தீர்களோ அதே விகிதத்தில் விரிவாக்கத்துக்கும் குறையுங்கள். அண்மையில் அறிவித்த விரிவாக்கத்தின் விலையை அது வெளியாகும் நாளுக்கு முன் திருத்துங்கள். ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்கு வேறுபாட்டுத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.

இணையக் கடைகளிடம் தனியே கேட்பது இது: வாங்குபவரின் டிஸ்க்கோடு டிஎல்சி பொருந்துமா என்பதைப் பணம் வாங்கும் முன் சோதித்துச் சொல்லுங்கள். பொருந்தாததை விற்றுவிட்டால், டவுன்லோடு தொடங்கியிருந்தாலும் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுங்கள். பொருந்தியும் ஏமாற்றம் தந்த விரிவாக்கத்துக்கு, வாங்கிய பதினான்கு நாட்களுக்குள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஸ்டீம் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் போன்ற ஒன்றைக் கன்சோல் கடைகளும் கொண்டுவர வேண்டும்.

விற்ற விரிவாக்கம் குறைந்தது எந்த ஆண்டுவரை ஆடக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள். சர்வரை நிறுத்துவதானால் ஓர் ஆண்டுக்கு முன் அறிவியுங்கள். தனியாக ஆடக்கூடிய பகுதிகளை இணையம் இல்லாமலும் இயங்கும்படி மாற்றிக்கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். சேர்ந்து ஆடும் விளையாட்டில், விருந்து வைப்பவர் ஒருவர் வாங்கியிருந்தால் அவர் அழைக்கும் நண்பர்களும் அந்தப் பகுதிக்குள் வர அனுமதியுங்கள்.

கொருக்குப்பேட்டைத் தம்பியின் ரசீது, வாடிக்கையாளர் சேவையிலிருந்து அவனுக்கு வந்த பதில், இந்த மடலின் படி ஆகிய மூன்றையும் அந்தக் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தனியே அனுப்பியிருக்கிறோம். ஒரு மாதத்துக்குள் உரிய பதில் வராவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு செய்வோம். புதிய விரிவாக்கத்தைப் பொறுத்தவரை, உள்ளடக்கப் பட்டியலும் திருத்திய விலையும் வெளிவரும்வரை எங்கள் நால்வரில் எவரும் முன்பதிவு செய்யப் போவதில்லை. பதிலைப் பொதுவில், எல்லோரும் படிக்கும்படி, தமிழிலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு விளையாட்டாளர்